மொய் நோட்டில் ஏறாத கிளிகள்

திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் மொய் எழுதுகிறவரைத் திணற வைப்பது சுலபமில்லை. ஐந்நூறு ரூபாயோ, பித்தளைக் குத்துவிளக்கோ, சுவர்க் கடிகாரமோ, எவர்சில்வர் அண்டாவோ, எது வந்தாலும் ஊர்ப்பேர், தகப்பன் பேரோடு பிசகில்லாமல் நோட்டில் ஏறிவிடும். இன்றைக்கு வாங்கியதை நாளைக்குத் திருப்பிச் செய்தாக வேண்டும். அதற்கு அந்த நோட்டுதான் சாட்சி. அப்படிப்பட்டவர் ஒரு முகூர்த்தத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார். எதிரே நின்ற பெரியம்மா பிரவுன் பேப்பரைப் பிரித்து, கண்ணாடி போட்ட பிரேம் ஒன்றை மேஜைமேல் வைத்திருந்தார். மாதுளங்கிளையில் இரண்டு பச்சைக் கிளிகள். கீழே மணமக்கள் பெயரும் தேதியும். எல்லாம் நூல் வேலை. சின்னச் சின்னப் பெருக்கல் குறிகளாகக் கட்டம் கட்டமாய்ப் போட்ட கிராஸ் ஸ்டிச்.

"இதுக்கு எவ்வளவுன்னு எழுதட்டும்க்கா?"

"எவ்வளவா? கிளின்னு எழுது தம்பி."

"கிளின்னு எழுதினா, நாளைக்கு அவங்க உங்க வீட்டுக்குக் கிளியில்ல செய்யணும்?"

பின்னால் வரிசை நீண்டது. கவரைக் கையில் வைத்திருந்தவர்களுக்குப் பந்திக் கவலை. கடைசியில் 'கண்ணாடிப் படம் 1' என்று எழுதி விஷயத்தை முடித்தார். பெரியம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. கண்ணாடியைப் போட்டவன் பிரேம் கடைக்காரன். அவன் பெயர்தான் நோட்டில் ஏறியதாக அவர் எடுத்துக்கொண்டார்.

பெரியம்மாவின் பெயரை இங்கே போடப் போவதில்லை. போட்டால் சந்தோஷப்படுவார். சந்தோஷப்பட்டால் தைப்பார். தைத்தது எழுதியவர் வீட்டுக்குத்தான் வந்து சேரும். திருக்கோவிலூரில் பெண்ணையாற்றுக்குத் தென்பக்கம் குடியிருக்கிறார் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். தெருவுக்கு ஒருவர் அப்படி இருப்பதால் யாரும் அடையாளம் கண்டுவிட மாட்டார்கள்.

அவருக்கு இந்த வேலை பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் வழியாக வந்தது. தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுத்துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில், ஓவியத்துக்கு இருக்கிற மாதிரியே தையலுக்கும் லோயர், ஹையர் என்று இரண்டு படிகள் உண்டு. சங்கிலித் தையல், காம்புத் தையல், குறுக்குத் தையல் என்று துண்டுத் துணிகளில் போட்டுப் பழகி நோட்டில் ஒட்டி வைத்துக்கொண்ட தலைமுறை அது. பெரியம்மா லோயர் முடித்தார். ஹையருக்குள் கல்யாணம் முந்திக்கொண்டது. "ஹையர் எழுதியிருந்தா இன்னிக்கு நானும் பென்ஷன் வாங்கியிருப்பேன்" என்று அவ்வப்போது சொல்வார். பெரியப்பா காதில் விழுகிற தூரத்தில் இருக்கும்போது மட்டும்.

கற்றதில் மற்றத் தையல்களெல்லாம் கையைவிட்டுப் போய், நின்றது கிராஸ் ஸ்டிச் ஒன்றுதான். காரணம் இருக்கிறது. இதற்குப் படம் வரையத் தெரிய வேண்டாம். மேட்டி துணி என்று கடையில் கேட்டால் கட்டம் கட்டமாக நெய்த துணி கிடைக்கும். ஒரு கட்டத்துக்கு நான்கு ஓட்டை. கீழிருந்து மேலே ஒரு சாய்வு, அதன் குறுக்கே எதிர்ச் சாய்வு. மேலே விழுகிற சாய்வு எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் சட்டம். மற்றபடி எண்ணத் தெரிந்தால் போதும். மார்கழிப் பனியில் வாசலில் குனிந்து, 15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளி என்று எண்ணிப் பழகிய கைக்கு இது புது வித்தையே இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கோலம் காலையில் போட்டால் சாயங்காலத்துக்குள் சைக்கிளும் ஆடும் மிதித்து அழித்துவிடும். மறுநாள் வாசல் காலி. கிராஸ் ஸ்டிச் அழியாது. அதை எங்காவது வைத்தாக வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நூல் என்றால் பெரியம்மாவுக்கு ஆங்கர்தான். ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழை, இரண்டிரண்டாகப் பிரித்தெடுத்துத் தைக்க வேண்டும். ஆங்கர் என்ற அந்த நங்கூரச் சின்னம் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் நூல் திரித்த கிளார்க் குடும்பத்தினுடையது. நெப்போலியன் சண்டையில் பட்டு வரத்து நின்றுபோனதும், பட்டு செய்த வேலையைப் பருத்தியிலேயே செய்யலாமா என்று பார்த்து, 1812இல் அங்கே ஆலை வைத்தார்கள். பிறகு அதே ஊர்க் கோட்ஸ் குடும்பத்தோடு 1896இல் சேர்ந்தார்கள். நம் பக்கத்தில் ஹார்வி சகோதரர்கள் 1885இல் பாபநாசத்துத் தாமிரபரணித் தண்ணீரை நம்பி மில் ஓட்ட ஆரம்பித்தார்கள். அந்த மில்கள் பிற்பாடு கோட்ஸோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயின. ஆக, திருக்கோவிலூர்க் கடைத்தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில், பொட்டு அட்டைக்கும் ரப்பர் பேண்டுக்கும் நடுவே தொங்குகிற நூல்கண்டுக்குள் நெப்போலியனும் இருக்கிறார், பொதிகை மலைத் தண்ணீரும் இருக்கிறது.

கடைப் பையனுக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை. தைக்கிறவர்கள் நிறத்தைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை, நம்பர்தான். ஆங்கரில் 403 என்றால் கறுப்பு, 46 என்றால் ரத்தச் சிவப்பு. "நானூத்தி மூணு இருக்கா தம்பி?" என்று பெரியம்மா கேட்டதற்கு அவன், "பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்மா" என்று கையைக் காட்டினான்.

பெரியப்பா கூட்டுறவு வங்கி ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் காதில் பேனாவைச் செருகிக்கொண்டுதான் பேப்பர் படிப்பார். மொய் நோட்டில் கிளிகளுக்கு நேர்ந்த அவமானத்தைக் கேள்விப்பட்டதும், அசல் விலை என்ன என்று போட்டுப் பார்க்க உட்கார்ந்தார். அங்குலத்துக்கு 14 கட்டம் விழுகிற துணி. அப்படியானால் ஒரு சதுர அங்குலத்தில் 196. படம் பத்துக்கு எட்டு அங்குலம். 80 சதுர அங்குலம். இண்டு இடுக்கு விடாமல் நிரப்பினால் 15,680 பெருக்கல் குறி. பேச்சு, தொலைக்காட்சி, பால்காரர் எல்லாம் சேர்த்து மணிக்கு நூறு போட்டால் 157 மணி நேரம். நாளைக்கு இரண்டு மணி நேரம் வைத்தால் இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகிறது.

"மூணே அடியில உலகத்தையே அளந்து முடிச்சுட்டாரு நம்ம ஊருப் பெருமாள். நீ ரெண்டு கிளிக்கு ரெண்டரை மாசம் எடுத்துக்கிற" என்றார் பெரியப்பா.

"அவரு எண்ணிப் பார்த்தா வச்சாரு? காலைத் தூக்கினாரு, வச்சாரு. வேணும்னா அவரைப் பதினாலு கட்டத் துணியில அளக்கச் சொல்லுங்க."

உலகளந்த பெருமாள் கோயில் கொண்ட ஊரில் இப்படியெல்லாம் பேசலாமா என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். உரிமையுள்ள இடத்தில்தான் இந்தப் பேச்சு வரும். இதே ஊரில்தான் முதலாழ்வார்கள் மூவரும் மழைக்கு ஒதுங்கியதும். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்கிற அளவுக்கு ஓர் இடைகழியில் நெருக்கி நின்றார்கள். நான்காவதாகப் பெருமாளும் வந்து நெருக்கினார் என்பது வரலாறு. பெரியம்மா வீட்டுச் சோபாவில் வளையம், நூல் டப்பா, கத்தரிக்கோல், சார்ட் விரித்தது போக, இன்றைய தேதிக்கு ஒருவர் நிற்கலாம். ஊசி எங்கே இருக்கிறது என்று தெரியாததால் அவரும் உட்காரமாட்டார்.

இப்படி உண்டாகிற சரக்கெல்லாம் எங்கே போகிறது? சொந்தக்காரர்கள் வீட்டுக்கு. அந்தக் காலத்தில் டிவிக்கு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, டெலிபோனுக்கு அடியில் விரிப்பு என்று ஒரு பொருள் வாங்கினாலே அதற்கு ஒரு சட்டை தேவைப்பட்டது. டிவி தட்டையாகிச் சுவரில் ஒட்டிக்கொண்டது. டெலிபோன் சட்டைப்பைக்குள் போய்விட்டது. தைக்கிறவர்களுக்கு இது பெரிய அடி. மிச்சமிருப்பது சுவரும் தலையணையும்தான். பெரியம்மா தலையணையைப் பிடித்துக்கொண்டார். ரோஜாக் கொத்துக்கு நடுவே 'குட் நைட்' என்று போட்ட உறைகள் குடும்பத்தில் எல்லாக் கட்டிலிலும் உண்டு. அந்தத் தலையணையில் கன்னத்தை வைத்துப் படுத்த மருமகன் ஒருவர் மறுநாள் காலையில் சவரம் செய்யக் கண்ணாடி முன் நின்றால், கன்னத்தில் அழுந்திக் கிடக்கும் எழுத்து நேராகவே படிக்கக் கிடைக்கிறது.

சென்னையில் இருக்கிற தம்பி மகன் வீட்டில் இதற்கென்றே ஒரு நடைமுறை இருக்கிறது. பரிசாக வந்த மயில், 'வெல்கம்' பலகை, தாமரைமேல் லட்சுமி எல்லாம் பெட்டியில் கட்டிப் பரண்மேல் இருக்கும். பெரியம்மா பஸ் ஏறினார் என்று போன் வந்தால் வேலை தொடங்கும். விழுப்புரம் தாண்டும்போது ஏணியைத் தேடுவார்கள். திண்டிவனத்தில் பெட்டி கீழே இறங்கும். மேல்மருவத்தூர் வருவதற்குள் தூசி துடைத்தாக வேண்டும். செங்கல்பட்டில் ஆணி அடிக்கிற சத்தம். தாம்பரத்தில் மருமகள் நான்கு எட்டு பின்னால் நின்று, "மயில் வலப்பக்கம் பார்க்குமா, இடப்பக்கமா?" என்று கேட்பாள். பெரியம்மா உள்ளே நுழைந்ததும் சுவரை ஒரு பார்வை பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். ஆணிக்குக் கீழே சுவர்ப்பொடி புதிதாக உதிர்ந்திருப்பது அவர் கண்ணில் படாமலா இருக்கும்?

பட்டும் அவர் கவலைப்படுவதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. தைக்கிறவருக்குத் தேவை தைப்பது. எண்ணி எண்ணி ஒரு கிளிக்குக் கண் வைக்கிற நேரத்திலேயே அவருக்குச் சேர வேண்டிய சந்தோஷம் சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தத் துணியை வீட்டில் வைத்திருந்தால், "எதுக்கு இன்னொண்ணு?" என்று பெரியப்பா கேட்பார். அண்ணன் பேத்தி காதுகுத்து, கொழுந்தனார் வீட்டுப் புதுமனை என்று ஒரு காரணம் கையிலிருந்தால் வாயைத் திறக்க மாட்டார். குடும்பம் பெருகப் பெருகக் காரணமும் பெருகும். எந்த வீட்டிலாவது குழந்தை பிறந்தால் பெரியம்மா முகத்தில் தெரிகிற மலர்ச்சியில் பாதிதான் குழந்தைக்கு. மீதி, துணி வெட்டுவதற்கு.

குழந்தைப் பரிசில் ஒரே தொல்லை, தேதி. பெயர், பிறந்த நாள், நேரம், எடை என்று எல்லாம் நூலில் வர வேண்டும். சுற்றிலும் யானை, குருவி, பலூன். பெயர் வைத்த பிறகுதான் ஆரம்பிக்க முடியும். முடிக்கிறபோது யானையைப் பார்த்து, "எனக்குக் கார் வேணும்" என்று குழந்தை வாயாலேயே சொல்லிவிடுகிறது.

இதற்குப் பெரியம்மா வெட்கப்பட வேண்டியதில்லை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் ஒரு துணி இருக்கிறது. தேதி போட்ட இங்கிலாந்துத் தையல் மாதிரித் துணிகளில் கிடைத்த வரையில் அதுதான் மூத்தது. தைத்தவர் ஜேன் பாஸ்டாக். ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல் பிறந்ததை அதில் எழுத்தெழுத்தாகத் தைத்திருக்கிறார். நாயும் மானும் சங்கிலி போட்ட கரடியும் உண்டு. பல தையல்களுக்கு நடுவே குறுக்குத் தையலும் இருக்கிறது. அதே துணியில் தன் பெயரோடு அவர் போட்டிருக்கிற ஆண்டு 1598. குழந்தை பிறந்த இரண்டு வருஷத்துக்கு அப்புறம்! நாலு நூற்றாண்டு கழித்து மியூசியத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்களே தவிர, ஏன் தாமதம் என்று யாரும் கேட்கவில்லை. இந்தச் செய்தி தெரிந்த நாளிலிருந்து பெரியம்மா தேதிக்கு முன்னால் தலை குனிவதில்லை.

கையால் செய்த பரிசைச் சொந்தக்காரர்கள் எப்படி வாங்கிக்கொள்வார்கள் என்பதற்கு இன்னும் பெரிய இடத்திலேயே உதாரணம் உண்டு. ஸ்காட்லாந்து ராணி மேரி. 1568இல் அடைக்கலம் கேட்டு இங்கிலாந்துக்குள் போனவரை அங்கத்து ராணி முதலாம் எலிசபெத் காவலில் வைத்தார். மேரியுடைய அப்பாவின் தாய்மாமன் எட்டாம் ஹென்றி. அவருடைய மகள் எலிசபெத். அப்பாவுக்கு மாமன் மகள் என்றால் நம் ஊர்க் கணக்கில் மேரிக்குச் சித்தி முறை. சித்தி வீட்டுக்குப் போன இடத்தில் ஏறத்தாழ பத்தொன்பது வருஷம் காவல். மேரி என்ன செய்வார்? ஊசியை எடுத்தார். 1569இல் பார்க்கப் போன ஒருவரிடம், நாள் பூராவும் தைப்பதாகவும், நிறம் மாறி மாறி வருவதால் அலுப்புத் தெரிவதில்லை என்றும், விலாவில் வலி கண்ட பிறகுதான் நிறுத்துவதாகவும் சொல்லியிருக்கிறார். காவல் வைத்திருந்த பிரபுவின் மனைவி பெஸ் என்பவரும் துணைக்கு உட்கார்ந்து தைத்தார். ஆக்ஸ்பர்க் திரைகள் என்ற பெயரில் இன்றும் இருக்கிற அவர்கள் கைவேலையில் பெரும்பகுதி கிராஸ் ஸ்டிச்தான். மேரி தைத்த ஒரு துண்டில் செம்பட்டைப் பூனை ஒன்று எலியோடு நிற்கிறது. எலிசபெத்தின் தலைமுடியும் செம்பட்டை. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

1574இல் மேரி சித்தியைச் சமாதானப்படுத்திப் பார்த்தார். சிவப்புச் சாட்டின் பாவாடை ஒன்றில் வெள்ளிச் சரிகையால் பூவேலை செய்து, பிரெஞ்சுத் தூதர் மூலம் அனுப்பினார். எலிசபெத் வாங்கிக்கொண்டார், சந்தோஷமும் பட்டார். கைவேலையின் அருமை தெரியாதவரும் இல்லை. பதினொரு வயதில், தானே மொழிபெயர்த்து எழுதிய ஒரு புத்தகத்துக்கு எம்பிராய்டரி அட்டை போட்டுத் தன் சிற்றன்னை கேத்தரின் பாருக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்த பெண்தான் அவர். எல்லாம் சரி. 1587 பிப்ரவரியில் மேரியின் தலை போயிற்று. மொய் நோட்டு எழுதுகிற ஊராக இருந்தால் பாவாடைக்காவது ஏதாவது திருப்பிச் செய்திருப்பார்கள்.

பெரியப்பா இந்தக் கதையை ரசித்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "இது பொம்பளைங்க வேலை" என்றார். அந்த வாயை அடைத்தவர் ஒரு மேஜர். அலெக்சிஸ் காஸ்டாக்லி, பிரிட்டிஷ் ராணுவத்துக்காரர். 1941இல் கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் கைதியாகப் பிடிபட்டார். முகாமில் ஒருநாள் கூட இருந்த கைதி ஒருவர் கித்தான் துணி கொடுத்தார். நூலுக்கு எங்கே போவது? முதிய ஜெனரல் ஒருவரின் இற்றுப்போன கம்பளிச் சட்டையிலிருந்து சிவப்பும் நீலமுமாக உருவிக்கொண்டார். 1941 டிசம்பர் தேதியிட்டுத் துணியை முடித்தார். நடுவில் ஒழுங்கான எழுத்து, கழுகு, ஸ்வஸ்திகா, அரிவாள் சுத்தியல். ஓரத்தில் புள்ளியும் கோடுமாகப் பார்டர். ஜெர்மானியருக்குத் துணி பிடித்துப்போய் முகாம் சுவரிலேயே மாட்டினார்கள். அவரை மாற்றிய முகாம்களிலும் மாட்டினார்கள். பார்டரில் இருந்தது மோர்ஸ் எழுத்து. வெளி வரிசையில் தங்கள் அரசருக்கு வாழ்த்து; உள் வரிசையில் ஹிட்லருக்கு, பத்திரிகையில் அச்சிட முடியாத ஒரு சொல். போர் முடியும் வரை யாரும் படிக்கவில்லை.

பெரியப்பா நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். அந்த வாரமே, சார்ட்டில் எண்ணுகிற வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஊசியைத் தொடவில்லை, கணக்கு மட்டும். "பச்சை ஏழு, விடு ரெண்டு, மஞ்சள் ஒண்ணு" என்று அவர் வாசிக்க, பெரியம்மா தைக்க, சாயங்காலங்களில் அந்த வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள் தாயக்கட்டை ஆடுகிறார்கள் என்றே நினைத்தார்கள். சில கட்டங்களில் புள்ளியும் கோடுமாகப் பார்டர் போடச் சொல்லி அவர் வற்புறுத்துவதாகவும், அது எந்தச் சம்பந்தியின் வீட்டுக்குப் போகிற துணி என்று சொல்ல மறுப்பதாகவும் பேச்சு.

தைத்ததைப் பெரியம்மா எடை போடுகிற இடம் வேறு. யார் எதைக் காட்டினாலும் கையில் வாங்கியதும் புரட்டிவிடுவார். முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். பின்பக்கத்தில் முடிச்சு தெரிகிறதா, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நூல் தாவியிருக்கிறதா, இதுதான் பரீட்சை. பாண்டிச்சேரியில் குளூனி கன்னியர் நடத்துகிற எம்பிராய்டரிக் கூடத்துக்குப் போனபோது அங்கே ஒரு மேஜை விரிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வீடு திரும்பும்வரை மௌனமாக வந்தார். அவர் மௌனம் என்பது அங்கீகாரம்.

அதே பரீட்சையைக் கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கத்துக் கைவேலையிலும் நடத்தினார். கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தர்மபுரி மாவட்டத்தில் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் 1993இல் ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கி, மருத்துவமனையாக வளர்ந்த இடம் என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அங்கே மலையாளிப் பழங்குடியினரோடு லம்பாடி மக்களும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் காளைப் பொதி ஏற்றிக்கொண்டு தானியமும் உப்பும் ஊர் ஊராகக் கொண்டுபோன கூட்டம். அவர்கள் பெண்கள் தங்கள் பாவாடை, ரவிக்கை, பை எல்லாவற்றிலும் கண்ணாடிச் சில்லும் சோழியும் வைத்துத் தைப்பார்கள். காளைக்கும் தைத்துப் போடுவார்கள். காளை பரணில் ஏற்றி வைக்காது. கட்டியதைக் கட்டியபடி நடக்கும். பரிசு கொடுப்பதென்றால் அப்படி ஆளாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

சிட்லிங்கியில் இந்த வேலை கிட்டத்தட்ட விட்டுப்போன நிலைக்கு வந்துவிட்டது. உடுப்பு மாறிப்போய், கை நினைவு சில மூதாட்டிகளிடம் மட்டும் தங்கியிருந்தது. லலிதா ரெஜி முன்னின்று தூண்ட, இளைய பெண்கள் அவர்களிடம் உட்கார்ந்து கற்றார்கள். இன்று போர்கை என்ற பெயரில் அந்தப் பெண்களின் சங்கமே நடக்கிறது. புடவை, குர்த்தா, மெத்தை உறை என்று தைத்து வெளியூருக்கு விற்கிறார்கள். வருமானம் அவர்கள் கைக்கே வருகிறது. தெரிந்தவர் ஒருவர் அங்கிருந்து வாங்கி வந்த பையைப் பெரியம்மா வாங்கினார், புரட்டினார், விரலால் தடவினார். "எழுதி வச்சுப் போடலை. கண்ணால எண்ணியிருக்காங்க" என்றார்.

நீலகிரியில் தோடர் பெண்கள் இதையும் தாண்டிவிட்டார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் மட்டும். வரைந்து வைத்துக்கொள்ள மாட்டார்கள். நெசவு இழையை விரலால் எண்ணியே போவார்கள். இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி இருக்கும் என்பதால் எது முன், எது பின் என்ற வழக்கே எழாது. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. அந்த வேலை போட்ட புத்குளி என்ற போர்வை சடங்குக்கும் உண்டு, திருவிழாவுக்கும் உண்டு, கடைசி யாத்திரைக்கும் உண்டு. ஆணி தேட வேண்டிய அவசியமே இல்லை. பெரியம்மாவுக்கு அந்தப் போர்வையைப் பற்றிச் சொன்னபோது, அவருடைய பரீட்சை முறைக்கே ஆபத்து வந்ததால் பேச்சை மாற்றிவிட்டார்.

சிட்லிங்கிப் பையின் விலையைக் கேட்ட பெரியப்பாவுக்குத்தான் தூக்கம் போயிற்று. காதிலிருந்த பேனா கைக்கு வந்தது. 15,680 கட்டம், 157 மணி நேரம், அதற்குக் கூலி என்று பெருக்கி, இத்தனை வருஷமாகக் குடும்பத்துக்கு இலவசமாகப் போன மயில்களின் மதிப்பு ஒரு மோட்டார் சைக்கிளைத் தாண்டுகிறது என்று கண்டுபிடித்தார். தம்பி மகனும் சென்னையிலிருந்து போனில், "நீங்களும் வித்தா என்ன பெரியம்மா? ஆன்லைன்ல நான் போட்டுத் தரேன்" என்றான். பரணில் இடம் தீர்ந்துவிட்டது என்ற உண்மையை அவன் சொல்லவில்லை.

பெரியம்மா பதறிவிட்டார். "வித்தா, சொன்ன தேதிக்குக் குடுக்கணும்ல!"

அத்தோடு வியாபாரப் பேச்சு நின்றது.

போன கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். ஆயாவின் சார்ட்டை எட்டிப் பார்த்தவன், "இது மைன்கிராஃப்ட்டா?" என்று கேட்டான். அவன் போனில் காட்டிய விளையாட்டில் மரமும் கட்டம், மாடும் கட்டம், சூரியனும் கட்டம். இப்படி ஒரு உலகத்தை யாரோ செய்துவைத்திருக்கிறார்கள் என்பதே பெரியம்மாவுக்கு இத்தனை நாளாகத் தெரியாது. அதில் கிரீப்பர் என்று ஒரு பச்சை மூஞ்சி வருகிறது. கிட்டே வந்து வெடிக்கும். முகம் மொத்தமே எட்டுக்கு எட்டு, 64 கட்டம். பெரியப்பா ஒரு கட்டத்தை நாலுக்கு நாலாகப் பெருக்கிக் கொடுத்தார். 1,024 பெருக்கல் குறி, இரண்டேகால் அங்குல மூஞ்சி. பென்சில் பையில் வைத்துத் தைத்ததில் கண்ணுக்கும் வாய்க்கும் நானூத்தி மூணு. "மூஞ்சியப் பாரு, பல்வலிக்காரன் மாதிரி" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் முடித்தார்.

பேரன் அந்தப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான். பள்ளிக்கூடம் திறந்ததும் தினமும் எடுத்துப் போகிறான். பெரியம்மா கையிலிருந்து போன பரிசுகளில் வீட்டைவிட்டு வெளியே நடமாடுவது அது ஒன்றுதான் என்று மகள் சொல்கிறாள். இப்போது வகுப்புப் பையன்களிடமிருந்து சீட்டு வருகிறது: ஒருவனுக்குக் கிரீப்பர், ஒருவனுக்குப் பன்றி, இரண்டு பேருக்கு எண்டர்மேன். எண்டர்மேன் தலை முதல் கால் வரை கறுப்பு என்பதால் கடைத்தெருவில் இருந்த 403 எல்லாம் தீர்ந்து, பெரியப்பா விழுப்புரத்துக்குப் பஸ் ஏறவேண்டியதாயிற்று. சீட்டுகளில் யாரும் தேதி கேட்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் பெரியம்மா ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு பையன் மட்டும், 'ஆயா, பின்பக்கம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் வேண்டும்' என்று எழுதி அனுப்பியிருந்தான். அவனுடைய சீட்டைக் கட்டின் அடியில் வைத்துவிட்டார்.